நாலாம் வகுப்பு வாத்தியாரும் நாலு தடக் கேசட்டும்

1992இல் வந்த 'ப்ரொபெல்லர்' என்ற எல்பியின் முதல் பாட்டு ஒரு கச்சேரிக் கூட்டத்தின் இரைச்சலோடு தொடங்குகிறது. மைக்கில் ஒருவர் கூட்டத்தை உசுப்பேற்றுகிறார். பதிலுக்குக் கூட்டம் "ஜி! பி! வி!" என்று கத்துகிறது. கத்தல் ஏறிக்கொண்டே போக, கிட்டார்கள் உள்ளே புகுகின்றன. கேட்பவருக்கு ஏதோ பத்தாயிரம் பேர் கொள்ளும் அரங்கம் கண்முன் வரும். உண்மையில் அங்கே கூட்டமும் இல்லை, அரங்கமும் இல்லை. கத்தியவர்கள் குழுவின் ஆட்களும் அவர்களுடைய சிநேகிதர்களும்தான். 'ஜிபிவி' என்ற கைடட் பை வாய்சஸ் அப்போது மேடைக் கச்சேரிகளை ஏறக்குறைய கைவிட்டிருந்தது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில், சொந்த ஊரிலேயே, அந்தப் பெயரைத் தெரிந்தவர்கள் சொற்பம்.

ரசிகர்கள் இல்லையா, அதனால் என்ன, நாமே கத்திக்கொள்வோம் என்ற அந்தக் குசும்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், ஓரிரு வருடத்தில் நிஜமான கூட்டங்கள் நிஜமான அரங்குகளில் அதே மூன்றெழுத்தைக் கத்தத் தொடங்கின. பிறகு கச்சேரி தொடங்குமுன் அந்தக் கத்தல் கேட்பது வழக்கமாகிப்போனது.

குழுவின் மூலவர் ராபர்ட் பொல்லார்ட். 1957இல் பிறந்தவர். ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் அணியில் பந்து வீசியவர். எதிரணியில் ஒருவர்கூட ஒழுங்காக ஒரு அடி அடிக்க முடியாதபடி முழு ஆட்டத்தையும் வீசி முடித்தார். அந்தப் பல்கலைக்கழக அணியின் வரலாற்றில் அப்படிச் செய்த முதல் ஆள் அவர்தான். ஆனால் பேஸ்பால் சோறு போடவில்லை. படிப்பு முடிந்ததும் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியரானார். பகலெல்லாம் நாலாம் வகுப்புப் பிள்ளைகள், வீட்டில் மனைவி மக்கள், மிச்சமிருந்த நேரத்தில் பாட்டு. இப்படி 14 ஆண்டுகள் ஓடின. இந்த வாத்தியாருக்குக் கோடை விடுமுறை என்றால் ரெக்கார்டிங் காலம் என்று அர்த்தம்.

பொல்லார்டின் பைத்தியம் சிறு வயதிலேயே ஆரம்பித்தது. இல்லாத இசைக்குழுக்களுக்குப் பெயர் வைப்பார். அந்தக் குழுக்களின் இல்லாத ஆல்பங்களுக்கு அட்டை வரைவார், பின்பக்கத்தில் பாட்டுப் பட்டியலும் எழுதிவைப்பார். பாட்டு அப்புறம் வரும், தலைப்பு முதலில் வந்துவிடும். இந்தப் பழக்கம் பெரியவரான பிறகும் போகவில்லை. குழுவின் ஆல்பங்கள் பலவற்றுக்கு அட்டைப்படம் அவருடைய கத்தரியும் பசையும் செய்ததுதான். பழைய பத்திரிகைகளிலிருந்து வெட்டி ஒட்டிய படங்களுக்கென்றே தனியாக 'ஈட்' என்ற இதழையும் நடத்தினார்.

டேட்டனைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்த ஊர் அது. கல்லாப்பெட்டி இயந்திரம் செய்து உலகத்துக்கே விற்ற என்சிஆர் கம்பெனியின் ஊர். எழுபதுகளில் ஒஹாயோ ப்ளேயர்ஸ் போன்ற ஃபங்க் குழுக்கள் அங்கிருந்துதான் கிளம்பின. ஆனால் எண்பதுகளில் வெள்ளைக்காரப் பையன்கள் ராக் இசை வாசித்து முன்னுக்கு வர வேண்டுமென்றால் நியூயார்க் போக வேண்டும், இல்லையென்றால் அமெரிக்காவிலேயே உள்ள ஏதென்ஸோ மினியாபொலிஸோ போக வேண்டும். பொல்லார்ட் எங்கும் போகவில்லை. வேலையை விட முடியாது, குடும்பத்தைப் பெயர்த்துக்கொண்டு கிளம்பவும் முடியாது. அதனால் கடன் வாங்கிச் சொந்தச் செலவில் எல்பி அச்சடிப்பார். 1986இல் 'ஃபாரெவர் சின்ஸ் ப்ரேக்ஃபாஸ்ட்' என்ற சின்ன இசைத்தட்டு. 1987இல் 'டெவில் பிட்வீன் மை டோஸ்', 'சாண்ட்பாக்ஸ்' என்று இரண்டு ஆல்பம். 1989இல் ஒன்று, 1990இல் ஒன்று. ஒவ்வொன்றும் சில நூறு பிரதிகள். பெரும்பாலும் சிநேகிதர்கள் கைக்குப் போகும். மீதி வீட்டில் கிடக்கும்.

இதில் முதல் இசைத்தட்டு முறையான ஸ்டுடியோவில் பதிவானது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கைடட் பை வாய்சஸ் என்றாலே 'லோ-ஃபை', மட்டரகமான ஒலியே அவர்களுடைய கொள்கை என்று எழுதுவது பத்திரிகைக்காரர்களின் வழக்கமாகிவிட்டது. கொள்கையெல்லாம் ஒன்றுமில்லை. முதலில் அவர்கள் ஸ்டுடியோவுக்குத்தான் போனார்கள். அங்கே மணிக்கணக்கில் பணம் கரைந்தது, பாட்டு விறைத்துப்போனது. வீட்டுக் கேசட் இயந்திரத்தில் செய்தபோது செலவும் குறைந்தது, பாட்டுக்கும் உயிர் வந்தது. அவ்வளவுதான் சங்கதி.

'ப்ரொபெல்லர்' கடைசி ஆல்பமாக இருக்க வேண்டியது. கடன் ஏறிக்கொண்டிருந்தது, போதும், இதோடு கடையைக் கட்டுவோம் என்று பொல்லார்ட் முடிவு செய்துவிட்டார். 500 பிரதி அச்சடித்தார்கள். அட்டை அச்சடிக்கக் காசில்லை. ஆகவே வெற்று அட்டைகளை வாங்கிக்கொண்டு குழுவும் சிநேகிதர்களும் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கையாலேயே செய்தார்கள். ஒன்றில் பெயின்ட் பூச்சு, ஒன்றில் ஒட்டுப்படம், இன்னொன்றில் மார்க்கர் கிறுக்கல். ஐந்நூறில் ஒன்றுபோல் இன்னொன்று கிடையாது. இன்று அந்தப் பிரதிகளில் ஒன்று ஏலத்துக்கு வந்தால் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது. அன்றைக்கு இலவசமாகக் கொடுத்தால்கூட வாங்க ஆளில்லை.

கடைசி என்று நினைத்ததே தொடக்கமாகிப்போனது. டேட்டனிலிருந்து மூன்று மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் கிளீவ்லாந்தில் ராபர்ட் கிரிஃபின் என்பவர் 'ஸ்காட் ரெகார்ட்ஸ்' என்ற சிறு நிறுவனம் நடத்திவந்தார். அவரும் ஓர் இசைக்கலைஞர். அவர் காதில் இந்தக் குழு விழுந்தது. 1993இல் 'வாம்பயர் ஆன் டைட்டஸ்' ஸ்காட் வெளியீடாக வந்தது. டைட்டஸ் என்பது பொல்லார்ட் குடியிருந்த தெருவின் பெயர். அதே வருடம் நியூயார்க்கின் சிபிஜிபி மன்றத்தில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். முப்பத்தைந்து வயதுப் பள்ளி ஆசிரியர் மேடையில் ஏறி, ஒரு கையில் பீர் பாட்டிலோடு, காலைத் தலை உயரத்துக்கு உதைத்துத் துள்ளுகிறார். பக்கத்தில் கிரெக் டெமோஸ் பட்டைக் கோடு போட்ட கால்சட்டையில் பேஸ் கிட்டாரோடு சுழல்கிறார். சோர்ந்த முகத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டு வாசிக்கும் இளைஞர்களையே பார்த்துப் பழகிய நியூயார்க் வாயைப் பிளந்தது.

சரி, அந்தக் கேசட் இயந்திரத்துக்கு வருவோம்.

சாதாரணக் கேசட் நாடாவின் குறுக்கே நான்கு தடங்கள் உண்டு. 'ஏ' பக்கத்துக்கு ஸ்டீரியோவாக இரண்டு, கேசட்டைத் திருப்பிப் போட்டால் 'பி' பக்கத்துக்கு இரண்டு. 1979இல் டாஸ்காம் நிறுவனம் 'போர்ட்டாஸ்டுடியோ' என்றொரு பெட்டியைக் கொண்டுவந்தது. அது நான்கு தடத்தையும் ஒரே திசையில், தனித்தனியாகப் பதிவு செய்யும். நாடா வழக்கமான வேகத்தைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். முதல் தடத்தில் டிரம்ஸ், இரண்டில் கிட்டார், மூன்றில் பேஸ், நான்கில் குரல். தீர்ந்தது. இன்னொரு குரல் வேண்டுமா? நான்கில் குரல் ஏறும் முன்பே முதல் மூன்றையும் கலந்து அந்தக் காலித் தடத்தில் இறக்கு. மூன்று தடம் மறுபடி காலி. ஆனால் ஒவ்வொரு முறை இப்படி இறக்கும்போதும் நாடாவின் 'உஸ்'ஸென்ற இரைச்சல் கூடும், டிரம்ஸின் பளிச் மங்கும், எல்லாம் கொஞ்சம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். இறக்கியதைத் திரும்பப் பிரிக்கவும் முடியாது. ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் 1982இல் வந்த 'நெப்ராஸ்கா'வை இதே வகைப் பெட்டியில்தான் பதிவு செய்தார். அவர் ஒற்றை ஆளாகக் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தார். ஜிபிவியோ ஒரு முழு ராக் குழுவை அந்தப் பெட்டிக்குள் திணித்தது.

திணித்தவர் பெரும்பாலும் டோபின் ஸ்ப்ரௌட். குழுவில் இன்னொரு பாடகர், பாடலாசிரியர், பிழைப்புக்கு ஓவியர். பொல்லார்டுக்கு நிதானம் கிடையாது. பாட்டு தோன்றிய அன்றைக்கே பதிவாக வேண்டும், இரண்டாம் முறை வாசித்தால் அலுப்பு வந்துவிடும். ஸ்ப்ரௌட் பொறுமைசாலி. மைக்கை எங்கே வைத்தால் சமையலறை ஓசை குறையும், எந்தத் தடத்தை எப்போது இறக்கினால் குரல் தப்பிக்கும் என்று யோசிக்கிற ஆள். அவருடைய மெல்லிய, ஏறக்குறைய வெட்கப்படுகிற குரல் பொல்லார்டின் தடித்த, இங்கிலாந்து வாடை அடிக்கிற குரலுக்கு அருமையான எதிர்ப்பாட்டு. இந்த இருவர் பேரையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் ஆட்கள் சேர்த்துச் சொல்வதில்லை.

ஜூன் 1994இல் 'பீ தவுசண்ட்' வந்தது. 20 பாட்டு, 36 நிமிடம். சராசரியாக ஒரு பாட்டுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. முதல் பாட்டு 'ஹார்ட்கோர் யூஎஃப்ஓஸ்'. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கிட்டார் சட்டென்று காணாமல் போகும். கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வரும். ஸ்பீக்கரில் ஒயர் கழன்றுவிட்டதோ என்று எழுந்து போய்ப் பார்த்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். பதிவிலேயே நேர்ந்த கோளாறு அது. திருத்தியிருக்கலாம், விட்டுவிட்டார்கள். ஒரு ஆல்பத்தின் முதல் பாட்டிலேயே அதை வைப்பதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். அடுத்தடுத்து 'எக்கோஸ் மைரன்', 'ஐ ஆம் எ சயன்டிஸ்ட்', ஸ்ப்ரௌட்டின் பாட்டுகள் என்று மெட்டுகள் வந்து விழுகின்றன. அறுபதுகளின் இங்கிலாந்தை, பீட்டில்ஸையும் ஹூ குழுவையும், ஒஹாயோவின் ஏதோ ஒரு நிலவறையில் பழைய வானொலியில் கேட்பதுபோல் இருக்கும். ஒரு மெட்டு மனசில் ஒட்டுவதற்குள் பாட்டு முடிந்துவிடும். திரும்பப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

இந்த ஆல்பத்தைப் பற்றி எல்லோரும் பேசுவது நாடா இரைச்சலை. எனக்குப் பேசத் தோன்றுவது தேர்வைப் பற்றி. 'பீ தவுசண்ட்' ஒரே மூச்சில் பதிவானதல்ல. பொல்லார்டிடம் வருடக்கணக்கில் சேர்ந்த கேசட்டுகள் மலையாகக் குவிந்திருந்தன. பழையதும் புதியதுமாக அதிலிருந்து பொறுக்கி, பட்டியல் போட்டு, மாற்றி, மறுபடி மாற்றி, கடைசியில் இந்த இருபது நின்றது. கிரிஃபினின் காதும் அந்த வேலையில் இருந்தது. ஒதுக்கியவை என்னவென்று தெரிய வேண்டுமானால், பத்தாண்டு கழித்து 2004இல் ஸ்காட் வெளியிட்ட 'டைரக்டர்ஸ் கட்' இருக்கிறது: மூன்று எல்பி நிறைய, நிராகரித்த பட்டியல்களும் பாட்டுகளும். அதை முழுக்கக் கேட்டால் ஒன்று புரியும். அங்கேயும் நல்ல பாட்டுகள் உண்டு. ஆனால் அந்த வரிசைகளில் எதுவும் ஆல்பம் ஆகவில்லை. வெட்டியபிறகுதான் ஆல்பம் ஆனது. பொல்லார்டுக்குப் பாட்டுப் பஞ்சம் என்றைக்குமே கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து 'இது வேண்டாம்' என்று சொல்ல ஆள் இருந்தாரா இல்லையா என்பதுதான் அவருடைய ஒவ்வொரு ஆல்பத்தின் தலையெழுத்து.

அந்த வருடமே பொல்லார்ட் பள்ளிக்கூட வேலையை விட்டார். நியூயார்க்கின் மாட்டடார் நிறுவனம் குழுவை எடுத்துக்கொண்டது. 1995இல் 'ஏலியன் லேன்ஸ்': 41 நிமிடத்தில் 28 பாட்டு. 'சிகரெட் ட்ரிக்ஸ்' என்ற பாட்டு இருபது விநாடியைத் தொடாது. குழுவில் சில காலம் பேஸ் வாசித்தவரும் 'ஸ்பின்' பத்திரிகையில் எழுதியவருமான ஜேம்ஸ் க்ரீர் பின்னாளில் குழுவின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். மாட்டடார் கொடுத்த முன்பணம் ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர், 'ஏலியன் லேன்ஸ்' பதிவுக்கு ஆன செலவு பீர் நீங்கலாகப் பத்து டாலர் என்று அதில் கணக்குச் சொல்கிறார். பீரைச் சேர்த்தால் கணக்கு வேறு மாதிரி ஆகியிருக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

லோ-ஃபைதான் இவர்களுடைய மாயம் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு பரிசோதனை. 'ஏலியன் லேன்ஸ்'இல் உள்ள 'கேம் ஆஃப் ப்ரிக்ஸ்', 'மை வால்யுவபிள் ஹன்டிங் நைஃப்' இரண்டையும் அதே வருடம் 'டைகர்பாம்' என்ற சின்ன இசைத்தட்டுக்காக ஸ்டுடியோவில் மறுபடி பதிவு செய்தார்கள். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். கேசட்டில் 'கேம் ஆஃப் ப்ரிக்ஸ்' ஒன்றரை நிமிடம். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற வேகத்தில் பாடுகிறார், குரல் கிட்டத்தட்ட கிழிகிறது. ஸ்டுடியோவில் டிரம்ஸ் கனமாக விழுகிறது, பாட்டும் நீள்கிறது. எனக்குக் கேசட்தான் பிடிக்கும். ஆனால் ஸ்டுடியோப் பதிவிலும் அந்த மெட்டு அசைந்து கொடுக்கவில்லை. பாட்டு கெட்டியாக இருந்தால் எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் நிற்கிறது.

அடுத்த ஆல்பமான 'அண்டர் த புஷஸ் அண்டர் த ஸ்டார்ஸ்' (1996) இரண்டுங்கெட்டான். டேட்டன்காரியான, பிக்சீஸிலும் ப்ரீடர்ஸிலும் பேர் வாங்கிய கிம் டீல் மெம்பிஸில் ஒரு பகுதியைத் தயாரித்தார். சிகாகோவில் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினியிடம் கொஞ்சம். மீதி சொந்த ஊரில். பல கைகள் பட்ட ஆல்பம் என்பது கேட்டாலே தெரியும். அத்தோடு ஸ்ப்ரௌட் விலகினார்; ரசிகர்கள் 'கிளாசிக் குழு' என்று கொண்டாடும் கூட்டணி கலைந்தது. பொல்லார்ட் அசரவில்லை. கிளீவ்லாந்தின் கோப்ரா வெர்டே குழுவை அப்படியே அழைத்துவந்து கைடட் பை வாய்சஸ் என்று பெயர் சூட்டி, 1997இல் 'மாக் இயர்விக்' கொண்டுவந்தார். அந்தக் கூட்டத்திலிருந்து டக் கில்லார்ட் என்ற கிட்டார்காரர் மட்டும் தங்கினார். தேர்ந்த கை, குழுவின் பின்வரலாறு பாதி அவருடையது.

1999இல் 'டூ த கொலாப்ஸ்'. கார்ஸ் குழுவின் ரிக் ஒகாசெக் தயாரிப்பு, டிவிட்டி (TVT) நிறுவன வெளியீடு. வானொலியில் ஓட வேண்டும் என்ற ஆசை எல்லாப் பக்கமும் பளபளக்கிறது. 'ஹோல்ட் ஆன் ஹோப்' என்ற உருக்கமான மெதுநடைப் பாட்டை வெற்றிப் பாட்டாக்கப் பார்த்தார்கள், எடுபடவில்லை. பழைய ரசிகர்கள் வைதார்கள். ஆனால் 2001இல் ராப் ஷ்னாஃப் தயாரித்த 'ஐசோலேஷன் ட்ரில்ஸ்' அதே பெரிய ஸ்டுடியோ வழியில் போய் ஜெயித்தது. பாடகர் எலியட் ஸ்மித் ஓரிரு பாட்டில் கீபோர்டு வாசித்திருக்கிறார். பொல்லார்டின் திருமணம் முறிந்துகொண்டிருந்த நேரம். வழக்கமான புதிர்ச் சொற்களுக்கு நடுவே முதல் முறையாக ஒரு நடுவயது மனிதனின் தனிமை நேரடியாகத் தெரிகிறது. இதில் இரைச்சலும் இல்லை, காணாமல் போகும் கிட்டாரும் இல்லை. இருந்தும் இவர்களுடைய முதல் மூன்று ஆல்பத்துக்குள் இதை வைப்பேன்.

அந்தக் காலத்தில் நியூயார்க்கில் எழுந்துவந்த ஸ்ட்ரோக்ஸ் குழுவுக்கு ஜிபிவி மேல் பெரிய மரியாதை. அவர்களுடைய 'சம்டே' பாட்டின் வீடியோவில் 'ஃபேமிலி ஃப்யூட்' தொலைக்காட்சிப் போட்டி நடக்கும். ஸ்ட்ரோக்ஸுக்கு எதிர் அணி கைடட் பை வாய்சஸ்.

2004ஆம் வருடக் கடைசி இரவில், சிகாகோவின் மெட்ரோ அரங்கில் பிரியாவிடைக் கச்சேரி. அறுபதுக்கும் மேற்பட்ட பாட்டுகள், நாலு மணி நேரத்துக்குக் கிட்டத்தில் ஓடியது. முடிந்தது என்றார்கள். 2010இல் மாட்டடார் நிறுவனத்தின் 21ஆம் ஆண்டு விழாவுக்காக லாஸ் வேகாஸில் பழைய கூட்டணி மறுபடி மேடையேறியது. வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை: 2012 ஒரே வருடத்தில் மூன்று ஆல்பம், அடுத்த இரண்டு வருடத்தில் இன்னும் மூன்று. இடையில் ஒரு கலாட்டா. டிரம்ஸ் வாசித்த கெவின் ஃபென்னெல் 'பீ தவுசண்ட்' காலத்து டிரம்ஸ் செட்டை 55,000 டாலர் விலை போட்டு இணையத்தில் விற்பனைக்கு வைத்தார். பொல்லார்டுக்கு அது பிடிக்கவில்லை. ஃபென்னெல் குழுவில் இல்லாமல் போனார். 2014இல் குழுவும் கலைந்தது. 2016இல் கில்லார்டும் புது ஆட்களுமாக மீண்டும் எழுந்தது. 2017இல் வந்த 'ஆகஸ்ட் பை கேக்', தனி ஆல்பங்களையும் கிளைக் குழுக்களையும் சேர்த்தால், பொல்லார்டின் நூறாவது ஆல்பம். 2019இல் மூன்று ஆல்பம். ஊரெல்லாம் அடைந்துகிடந்த 2020லும் மூன்று.

நூறு ஆல்பத்தில் எங்கே தொடங்குவது? வழக்கமாக எல்லோரும் 'பீ தவுசண்ட்'டைக் கையில் திணிப்பார்கள். நான் 'ஐசோலேஷன் ட்ரில்ஸ்' என்பேன். காதுக்கு உறுத்தலில்லாமல் மெட்டின் பலம் பிடிபட்டுவிடும். அடுத்து 'பீ தவுசண்ட்', ஹெட்போனில் வேண்டாம், ஸ்பீக்கரில். அதற்குப் பிறகு 'ஏலியன் லேன்ஸ்', நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக. 2016க்குப் பிந்தைய ஆல்பங்களில் ஒவ்வொன்றிலும் நாலைந்து பிரமாதமான பாட்டு கிடைக்கும்; மீதியைத் தள்ளிக்கொண்டு போகலாம், பொல்லார்ட் கோபித்துக்கொள்ள மாட்டார். 2000இல் வந்த 'சூட்கேஸ்' தொகுப்பை மட்டும் முதல் வருடம் தொடவே வேண்டாம். ஒதுக்கிவைத்த நூறு பாட்டு, நூறுக்கும் நூறு கற்பனைக் குழுப் பெயர்கள். அது முடிந்தபிறகும் தெம்பு இருந்தால் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது சூட்கேஸ்களும் இருக்கின்றன, தலைக்கு நூறு பாட்டு.